கேபிள் இணைப்பு குறைந்துகொண்டே போகிறது: விற்றுவிடலாமா, ஃபைபர் இழுக்கலாமா?

கேள்வி: சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் 1996 முதல் கேபிள் டிவி நடத்தி வருகிறேன். நன்றாக ஓடிய காலத்தில் 1,250 இணைப்பு இருந்தது. இப்போது 430. போன வருடம் மட்டும் நூறு போலப் போய்விட்டது. மாதம் 220 ரூபாய் வசூல், எம்எஸ்ஓவுக்கு (சேனல் சிக்னலை எங்களுக்கு மொத்தமாகத் தரும் நிறுவனம்) கட்டியது போக இணைப்புக்கு 90 ரூபாய் எனக்கு நிற்கிறது. இரண்டு பையன்களுக்குச் சம்பளம் 24,000, கரண்ட் பில், ரிப்பேர், பெட்ரோல் என்று ஒரு 6,000 போகும். பெரிய நெட்வொர்க் ஒன்று இணைப்புக்கு 1,500 ரூபாய் வீதம் கொடுத்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. இன்னொருவர் 14 லட்சத்துக்கு 16 போர்ட் ஓஎல்டி (கண்ட்ரோல் ரூமிலிருந்து ஃபைபரில் இணையம் அனுப்பும் கருவி), என் பெயரிலேயே ஓடிடி ஆப் எல்லாம் செய்து தருவதாகக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். டிப்ளமோ படித்த மகன், "டிவி முடிஞ்சு போச்சுப்பா, யூடியூப் சேனல் ஆரம்பிப்போம்" என்கிறான். எனக்கு வயது 57. தொழிலை விடுவதா, வைத்துக்கொள்வதா?

பதில்: அண்ணாச்சி, வணக்கம். கேபிள், ஃபைபர் லைன் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை, அதனால் உங்களைப் போன்றவர்கள் கேட்கும் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். விற்க வேண்டாம். அந்த 14 லட்சக் கொட்டேஷனையும் மடித்து ஓரமாக வையுங்கள். ஆனால் இப்படியே இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது, கணக்கு இடிக்கிறது.

நீங்கள் கொடுத்த கணக்கையே போட்டுப் பார்ப்போம். 430 இணைப்புக்கு 90 ரூபாய் என்றால் 38,700. அதில் சம்பளமும் செலவுமாக 30,000 போனால் கையில் 8,700. போன வருடம் போல இன்னொரு நூறு இணைப்பு போனால் வரவு 29,700, செலவு அதே 30,000. அதாவது அடுத்த வருடம் இந்நேரம் நீங்கள் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டு, பையன்களுக்குக் கைக்காசையும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். விற்றால் 430க்கு 1,500 என்று 6,45,000 வரும் என்று காகிதத்தில் தெரிகிறது. கையில் அவ்வளவு வராது. ஒப்படைக்கும் நாளில் ஆக்டிவாக இருக்கும் பாக்ஸை மட்டும்தான் எண்ணுவார்கள், ஒரு பகுதியை ஆறு மாதம் நிறுத்தி வைத்து அதற்குள் போன இணைப்புகளைக் கழிப்பார்கள், இத்தனை வருடத்துக்கு இந்த ஊரில் இதே தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் அவர்கள் உண்மையில் காசு கொடுக்கிறார்கள். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் மகன் சொல்வதைப் பார்த்துவிடுவோம். டிவி முடிந்துவிட்டதா? உங்களை விட்டுப் போன 820 வீடுகளில் எத்தனை வீட்டில் டிவி பெட்டியைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பையன்களிடம் கேளுங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது என் ஊகம். பல வீடுகளில் முன்பைவிடப் பெரிய டிவி மாட்டியிருப்பார்கள், ஆனால் அதன் பின்னால் உங்கள் வயர் இருக்காது. பார்ப்பது நிற்கவில்லை, பார்க்கிற பொருள் வரும் வழிதான் மாறியிருக்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தொழிலுக்கு வந்தபோது சன் டிவி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு வீட்டுக்குள் தூர்தர்ஷனைத் தவிர வேறு எது வர வேண்டும் என்றாலும் உங்கள் வயரில்தான் வர வேண்டும். பாட்டு, படம், சீரியல், செய்தி, கிரிக்கெட், கார்ட்டூன், பக்தி என்று ஏழெட்டுத் தேவைக்கு ஒரே கம்பி. 2006க்குப் பிறகு அரசு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது உங்கள் எண்ணிக்கை ஏறியிருக்கும், டிவி வந்த வீடு பெரும்பாலும் கேபிள்காரரைத்தான் கூப்பிடும். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது உங்கள் வருமானம் அடிபட்டிருக்கலாம், ஆனால் மக்கள் கேபிளை விட்டுப் போகவில்லை. ஃபோனில் பார்க்கும் வழி அப்போது இல்லாததுதான் காரணம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, அடுத்த மார்ச் வரை டேட்டா இலவசம். அப்போது யாரும் கேபிளை வெட்டவில்லை என்பதால் நம் ஆட்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அந்த ஏழெட்டுத் தேவையும் ஒவ்வொன்றாக ஃபோனுக்கு நகர ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் பாட்டும் காமெடியும் போனது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் தாங்களே யூடியூப்பில் நேரலை விட ஆரம்பித்ததும் செய்தி போனது. தியேட்டரில் வந்த படம் சில வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறது, தீபாவளிக்கு டிவியில் போடுவார்கள் என்று இப்போது யார் காத்திருக்கிறார்கள்? 2023இல் ஐபிஎல்லை ஜியோ சினிமாவில் இலவசமாகவே காட்டினார்கள், அந்த இரண்டு மாதத்தில் போன இணைப்பு திரும்பி வரவே இல்லை என்று பல ஆபரேட்டர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அது ஜியோ ஹாட்ஸ்டாராகிவிட்டது, காசு கேட்கிறார்கள், இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான்.

நடுவில் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டு வந்த புதிய கட்டண முறை இருக்கிறதே, அது நம் தொழிலுக்கு விழுந்த பெரிய அடி என்பது என் கருத்து. அதுவரை மொத்தமாக ஒரு தொகை கொடுத்து எல்லாவற்றையும் பார்த்தவர்களுக்கு முதல் தடவையாக ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு விலை இருப்பது தெரிந்தது. நூறு சேனலுக்கு 130 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் வரி, அப்புறம் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. பார்ப்பது நாலு சேனல், கட்டுவது நூற்றுக்கு என்று வீட்டில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். கணக்குப் பார்க்க ஆரம்பித்த வாடிக்கையாளரை வெறும் பழக்கம் மட்டும் பிடித்து வைக்காது. 2020இல் அந்த நூறை இருநூறு சேனலாக்கினார்கள், 2024 ஜூலையில் 130 என்ற உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டது. சட்டப்படி கூடுதலாக வாங்கலாம். வாங்கிப் பாருங்களேன்! கூரையில் டிடி ஃப்ரீ டிஷ் மாட்டினால் மாதக் கட்டணமே கிடையாது.

இன்றைக்கு உங்களிடம் மிச்சமிருக்கும் 430 வீடு யார் என்று பாருங்கள். பெரியவர்கள் இருக்கும் வீடு, மாலை ஆறு மணிக்குச் சீரியல் போட்டால் பத்து மணிக்கு அணைக்கும் வீடு, தறி ஓடும்போது பின்னணியில் பாட்டு ஓட வேண்டும் என்று வைத்திருக்கும் கூடம், டீக்கடை, சலூன். இவர்களுக்கு வேண்டியது தேடாமல் வருகிற டிவி. ரிமோட்டில் எண்ணைத் தட்டினால் படம் வர வேண்டும், பாஸ்வேர்டு, அப்டேட், வட்டம் சுற்றுவது எதுவும் இருக்கக்கூடாது. இந்தத் தேவை உண்மையானது, நாளைக்கே போகாது. ஆனால் வளராது. டிவியை விட்டுவிடாதீர்கள், அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

போன 820 வீட்டுக்கு வருவோம். அவர்கள் 220 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டார்களா? இல்லை. வீட்டில் மூன்று ஃபோன், மூன்றுக்கும் ரீசார்ஜ். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கட்டணத்தை ஏற்றினார்கள், 11லிருந்து 25 சதவீதம் வரைக்கும். அதற்கு மேல் பெரிய ஸ்மார்ட் டிவியில் யூடியூப் போட மகனுடைய ஃபோனில் ஹாட்ஸ்பாட். அவர் வேலைக்குப் போனால் டிவியில் படம் வராது. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே டவரில் விழுந்தால் வட்டம்தான் சுற்றும். இந்த வீடுகளுக்கு ஒரு நிலையான இணைய லைன் தேவை. அதை அவர்கள் இன்னும் கேட்காமல் இருக்கலாம், ஆனால் தேவை இருக்கிறது. உங்கள் பழைய வயர் அந்த வீட்டு ஜன்னல் வரைக்கும் ஏற்கெனவே போயிருக்கிறது. எந்தக் கம்பத்திலிருந்து எந்த மாடிக்கு இழுக்க வேண்டும், எந்த வீட்டுக்காரர் கிளை வெட்டினால் சண்டைக்கு வருவார், யார் மாதம் ஐந்தாம் தேதி சம்பளம் வாங்கி ஆறாம் தேதி கட்டுவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சேனல் என்றைக்கும் உங்களுடையதாக இருந்ததில்லை அண்ணாச்சி, அது சேனல்காரர்களுடையது. உங்களுடையது இந்தத் தெருவும் இந்தக் கதவும். அந்தப் பெரிய நெட்வொர்க் இணைப்புக்கு 1,500 கொடுப்பதும் இதற்காகத்தான், உங்களை வைத்துக்கொண்டு டிவி காட்டுவதற்காக இல்லை.

சரி, ஃபைபருக்கு வருவோம். உங்களுக்குத் தேவையானது, உரிமம் உள்ள ஒரு இணைய நிறுவனத்தின் கீழ் ஃப்ராஞ்சைஸ் எடுத்து, நெருக்கமாக வீடுகள் உள்ள நாலைந்து தெருவில் மட்டும் முதலில் ஃபைபர் இழுத்து, அதே இழையில் டிவியையும் இணையத்தையும் சேர்த்துக் கொடுப்பது. ஒரே இழையில் இரண்டும் வருமா என்று கேட்பீர்கள். வரும், தாராளமாக வரும். ஒளியின் அலைநீளம்தான் வித்தியாசம்: இணையம் வீட்டுக்கு இறங்குவது 1490 நானோமீட்டரில், வீட்டிலிருந்து ஏறுவது 1310இல், டிவி வருவது 1550இல். ஒன்றோடு ஒன்று மோதாது. எம்எஸ்ஓ தரும் டிவி சிக்னலை ஈடிஎஃப்ஏ (ஒளி சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்து ஓஎல்டியின் லைனோடு சேர்த்துவிட்டால், வீட்டில் டிவி போர்ட் உள்ள ஓஎன்யு (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டி) ஒன்று போதும். அதிலிருந்து ஒரு துண்டு வயர் பழைய செட்டாப் பாக்ஸுக்குப் போகும், பாட்டியின் ரிமோட் மாறாது. வைஃபை பேரனுக்கு.

இதில் உங்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கண்ட்ரோல் ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவில் கரண்ட் வேண்டிய சாமான் எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபையர் கிடையாது, தெருவில் பவர் சப்ளை கிடையாது, ஐப்பசி இடியில் நாலு ஆம்ப்ளிஃபையர் எரிந்துவிட்டது என்று ராத்திரி ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். செம்புக்காக வெட்டிக்கொண்டு போகிறவனும் இதைத் தொட மாட்டான், அதில் செம்பு இல்லை. அணில் கடிக்கும், உண்மை. அறுந்த இழையை ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். உங்கள் 6,000 செலவில் ரிப்பேர் பங்கு கணிசமாகக் குறையும்.

இப்போது அந்தக் கொட்டேஷன். 16 போர்ட் ஓஎல்டி எதற்கு? ஒரு போர்ட்டில் 64 வீடு வரை ஏற்றலாம், 16 போர்ட் என்றால் 1,024 வீடு. நீங்கள் முதல் வருடம் 150 வீடு பிடித்தாலே நான் கை தட்டுவேன். 8 போர்ட் உள்ள ஜிபான் வகை ஓஎல்டி போதும், போர்ட்டுக்கு 32 வீடு என்று தாராளமாக வைத்தாலும் 256 வீட்டுக்கு இடம் இருக்கிறது. நிரம்பினால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். இரண்டு விஷயம் மட்டும் கவனம். சில மலிவான ஓஎல்டி அதே கம்பெனி ஓஎன்யுவோடு மட்டும்தான் பேசும், வேறு எதுவும் வாங்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம், 2021 ஜூனிலிருந்து தொலைத்தொடர்பு வலையமைப்பில் புதிதாகச் சேர்க்கும் கருவி நம்பகமான மூலம் என்று அரசு ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த மாடல் வாங்கலாம் என்று நீங்கள் சேரப்போகும் இணைய நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

'உங்கள் பெயரில் ஓடிடி ஆப்' என்பது சுத்த அலங்காரம். உள்ளே படமோ சேனலோ காட்ட உரிமை வாங்க வேண்டும், அது உங்களால் ஆகாது. உரிமை இல்லாமல் காட்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். வாடிக்கையாளர் கேட்டால் இணைய நிறுவனமே பிளானோடு சேர்த்துத் தரும் ஓடிடி கட்டு இருக்கும், அதை விற்றுக் கமிஷன் வாங்குங்கள், போதும்.

பணக் கணக்கு. 399 ரூபாய் பிளான் என்று வைப்போம், வரியோடு 470 ரூபாய் 82 காசு. லைனும் உங்களுடையது, ரிப்பேரும் வசூலும் உங்களுடையது என்றால் வரி நீங்கிய தொகையில் பாதிக்குக் குறையாமல் கேளுங்கள். கிட்டத்தட்ட 200 ரூபாய். கேபிளில் ஒரு வீட்டுக்கு 90 வருகிறது என்றீர்கள். நூறு இணைய வீடு கொடுப்பதை இருநூறு கேபிள் வீடு கொடுக்காது. அதே வீட்டில் டிவியும் இருந்தால் இரண்டும் சேர்ந்து 290. ஓஎன்யுவை இலவசமாகக் கொடுக்காதீர்கள், திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை வாங்குங்கள். பழைய கேபிள் வாடிக்கையாளருக்கு இன்ஸ்டலேஷன் இலவசம் என்று சொல்லலாம், அதில் நியாயம் இருக்கிறது.

விலையில் பெரிய கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வயரே இல்லாமல் 5ஜி வழியாக வீட்டுக்கு இணையம் கொடுக்கும் ஏர்ஃபைபரும் 2023லிருந்து வந்துவிட்டது, உங்கள் ஊருக்கும் வரும், விளம்பரமும் பலமாக இருக்கும். மழை நாளிலும் ராத்திரி ஒன்பது மணிக்கும் அது எப்படி ஓடுகிறது என்பதை ஊரே பேசிக்கொள்ளும். நீங்கள் ஜெயிக்க வேண்டிய இடம் புகாரைக் கவனிப்பது. "நெட் வரலை" என்று வரும் ஃபோனில் பெரும்பகுதி லைன் கோளாறு இல்லை, வீட்டுக்குள் வைஃபை கோளாறு. ரூட்டரை மர பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், அல்லது முன் அறையில் டிவிக்குப் பின்னால் ஒளித்திருப்பார்கள், பின்கட்டில் படிக்கிற பிள்ளைக்கு எட்டாது. மாட்டும்போதே பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்து வீட்டின் நடுவில், உயரமாக வையுங்கள், டிவி பக்கத்தில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மாட்டும் நாளில் ஒளி அளவு எத்தனை டிபிஎம் என்று பவர் மீட்டரில் பார்த்து ஓஎன்யுவின் முதுகிலேயே எழுதச் சொல்லுங்கள். மைனஸ் 25க்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும், மைனஸ் 27க்குப் போனால் விட்டுவிட்டு வரும். ஆறு மாதம் கழித்துப் புகார் வந்தால் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் தவறு தெருவிலா வீட்டிலா என்று தெரிந்துவிடும். இந்த ஒரு பழக்கம் இருக்கும் ஆபரேட்டருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் ஒரே மழைக்காலத்தில் தெரியும்.

எந்த நிறுவனத்தோடு சேர்வது? தனியாரில் பெயர் சொல்ல மாட்டேன், எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பிஎஸ்என்எல் கேபிள் ஆபரேட்டர்கள் வழியாகவே ஃபைபர் இணைப்பு கொடுக்கிறது, அங்கே ஒரு தடவை விசாரியுங்கள். பக்கத்து ஊராட்சிகளுக்குத் தமிழக அரசின் டான்ஃபிநெட் ஃபைபர் இழை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதுதான் அந்தத் திட்டம். தனியார் என்றால், அவர்களுடைய ஃப்ராஞ்சைஸ் ஏற்கெனவே ஓடும் ஊருக்கு நீங்களே போங்கள், ராஜபாளையமோ திருநெல்வேலியோ. ஆபரேட்டரின் கடையில் உட்காராமல் ஒரு வாடிக்கையாளர் வீட்டில், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு யூடியூப்பைப் பெரிய டிவியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் காட்டும் ஆப்பை நம்ப வேண்டாம். நம் ஊரில் மாலை நேரத்தில் ஓடுவதில் பெரும்பங்கு வீடியோ, அந்த வீடியோக்களின் நகல் இருக்கும் கேஷ் சர்வரை நிறுவனம் மதுரையிலோ சென்னையிலோ தன்னிடமே வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். வைத்திருந்தால் படம் நிற்காது. இல்லாவிட்டால் எத்தனை எம்பி பிளான் போட்டாலும் வட்டம்தான். உங்கள் ஊருக்கு வரும் பிரதான லைன் ஒரே பாதையா, இரண்டா என்றும் கேளுங்கள். நாற்கரச் சாலைக்காக ஒரு ஜேசிபி தோண்டினால் ஊர் முழுக்க மூன்று நாள் இருட்டாகிற நிலை வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான் பார்ப்பது மூன்றே வரிதான். லைனும் சாமானும் யாருக்குச் சொந்தம் என்று ஒன்று, நீங்கள் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் எத்தனை நாள் அறிவிப்பு என்று இன்னொன்று, பங்கை அவர்கள் தன்னிச்சையாகக் குறைக்க முடியுமா என்பது கடைசி. இந்த மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள், விற்பனைப் பையன் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் சரி. உரிமம் இல்லாமல் நீங்களாகவே ஒரு லைன் வாங்கிப் பத்து வீட்டுக்குப் பங்கு போட்டு விற்கிற குறுக்குவழியைப் பக்கத்து ஊரில் யாராவது செய்துகொண்டிருப்பார்கள். அது சட்டவிரோதம், ஒருவர் அந்த இணைப்பில் ஏதாவது குற்றம் செய்தால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்.

காகிதம் என்று வந்துவிட்டதால் இதையும் பார்த்துவிடுங்கள். முன்பு தலைமை அஞ்சலகத்தில் வருடா வருடம் பதிவு செய்துகொண்டிருந்தோமே, 2025 ஜனவரி 17லிருந்து அது மாறிவிட்டது. இப்போது மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில் ஆன்லைனில் செய்ய வேண்டும், 5,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு. உங்கள் பதிவு எப்போது முடிகிறது என்று எடுத்துப் பாருங்கள். மின்வாரியக் கம்பத்தில் போகும் லைனுக்கு அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்பதும் அப்படித்தான். 1996இல் வாய்வார்த்தையாக ஏறிய வயர், ஃபைபர் ஏறும் நாளில் கேள்வியாகும்.

மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி சொல்வதில் பாதி சரி. யூடியூப் சேனல் ஆரம்பிக்கட்டும், ஆனால் அதன் விளம்பர வருமானத்தை நம்பி அல்ல. அந்தப் பங்கு வரவே 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும், அதற்குப் பிறகும் ஒரு சிறிய ஊரைப் பற்றிய சேனலுக்கு யூடியூப் தருவது பெட்ரோல் காசுக்குக் காணாது. காசு உங்கள் ஊர் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் இருக்கிறது. லோக்கல் சேனலையும் யூடியூப்பையும் சேர்த்து ஒரே கட்டாக அவர்களிடம் விளம்பரம் கேளுங்கள். ஆடித்தபசுக்கு நேரலை போட்டுப் பாருங்கள். திருப்பூரில், மும்பையில், துபாயில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள், கேபிள் வயரில் அவர்களை எட்டவே முடியாது. பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டால் பதிப்புரிமைக் கோரிக்கை வரும், நாதஸ்வரமும் கூட்டச் சத்தமுமே போதும். லோக்கல் சேனலை உங்கள் எம்எஸ்ஓ முறையாகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு 2022லிருந்து விதி இருக்கிறது.

புதுப்படம் மட்டும் போடாதீர்கள். லோக்கல் சேனலில் ராத்திரி பத்து மணிக்குப் புதுப்படம் ஓட்டிய காலம் ஒன்று இருந்தது, நாம் எல்லோரும் அறிந்ததுதான். இப்போது 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒளிப்பதிவுச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் மூன்று லட்சத்தில் ஆரம்பித்துப் படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகும். எல்லாச் சேனலும் இலவசமாக வரும் என்று சொல்லி ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸைக் கொண்டு வந்து விற்கச் சொல்வார்கள், அதையும் தொடாதீர்கள். அதை விற்றால் உங்கள் டிவி வாடிக்கையாளரை நீங்களே காலி செய்கிறீர்கள் என்பது வேறு.

எல்லாத் தெருவுக்கும் ஃபைபர் இழுக்க வேண்டியதில்லை என்பதைத் திரும்பச் சொல்கிறேன். 430 வீட்டையும் ஒரு நோட்டில் தெருவாரியாக எழுதுங்கள். போன வீடுகளையும் பக்கத்தில் எழுதுங்கள், அதுதான் முக்கியம். நூறு மீட்டருக்கு எத்தனை வீடு இருக்கிறது, அதில் பள்ளி, கல்லூரி போகும் பிள்ளை உள்ள வீடு எத்தனை என்று பாருங்கள். நெருக்கமான தெருவிலிருந்து ஆரம்பித்து, வருகிற பணத்தில் அடுத்த தெரு. தோட்டத்துப் பக்கம் அரை கிலோமீட்டருக்கு ஒரு வீடு என்று இழுத்துக்கொண்டு போகும் லைன் இருந்தால் அதைப் பக்கத்து ஊர் ஆபரேட்டருக்கு விற்றுவிடுங்கள், அல்லது அந்த வீட்டுக்காரரிடமே ஃப்ரீ டிஷ் மாட்டச் சொல்லிவிடலாம், தப்பில்லை. ஆரம்பச் செலவுக்கு வட்டிக்கு வாங்காதீர்கள். ஓஎல்டி, ஈடிஎஃப்ஏ, ஸ்ப்ளைசிங் மெஷின், முதல் ஐம்பது ஓஎன்யு, இழை, இவற்றுக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், அந்த 14 லட்சத்தில் ஒரு பகுதிதான் ஆகும். மெஷினைப் பக்கத்து ஆபரேட்டரோடு பங்கு போட்டு வாங்குவதும் நடக்கிறதுதான். கண்ட்ரோல் ரூமுக்கு நல்ல இன்வெர்ட்டர் அவசியம், வீட்டில் ஓஎன்யுவுக்குச் சின்ன யுபிஎஸ் வைத்தால் கரண்ட் போனாலும் நெட் நிற்காது, அதையும் நீங்களே விற்கலாம்.

கடைசியாகப் பையன்கள். அவர்களில் ஒருவரை இப்போதே ஸ்ப்ளைசிங் பழக அனுப்புங்கள், சேரப்போகும் நிறுவனமே கற்றுத் தரும், அல்லது ஏற்கெனவே ஃபைபர் ஓட்டும் ஆபரேட்டரிடம் ஒரு மாதம் விட்டு வாங்குங்கள். இன்னொருவர் வசூலுக்குப் போகும்போது போன வீடுகளிலும் தட்டி, ரீசார்ஜுக்கு மாதம் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று மட்டும் கேட்டுக் குறித்து வரட்டும், விற்க வேண்டாம். அந்த நோட்டு கையில் வந்த பிறகு, ஐம்பது வீடாவது சரி என்று சொன்னால் மட்டும் ஓஎல்டிக்கு ஆர்டர் கொடுங்கள்.